இருபத்தைந்து என்று எண்ணிட்ட இரண்டு இதழ்கள்

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு ‘சேலஞ்ச்’ என்ற பத்திரிகை புதிதாக வெளிவந்தது. அதன் முதல் இதழுக்கு எண் 25. விவரம் தெரியாத ஒருவர் அதை வாங்கிவிட்டு, ஒன்று முதல் இருபத்துநான்கு வரையுள்ள சேலஞ்ச் இதழ்களுக்காகப் பழைய புத்தகக் கடை கடையாக ஏறி இறங்கினால் ஆயுசுக்கும் அகப்படாது. அந்தப் பெயரில் அவை அச்சாகவே இல்லை. ‘ஜர்னல் ஆஃப் தி டிராவலர்ஸ் எய்ட் சொசைட்டி’ என்ற சிறு பத்திரிகை 1979 முதல் 1985 வரை இருபத்துநான்கு இதழ்கள் வந்து நின்றுபோனது. அதை வெளியிட்ட நிறுவனமே தொடங்கிய அடுத்த பத்திரிகை பெயரை மாற்றியது, அளவைப் பெரிதாக்கியது, எண்வரிசையை மட்டும் அப்படியே தொடர்ந்தது.

சிக்கல் அதோடு தீரவில்லை. சேலஞ்ச் 77ஆம் இதழோடு நின்றது. அதை நடத்திய நிறுவனமும் 1996இல் மூடப்பட்டது. பிறகு இம்பீரியம் கேம்ஸ் என்ற வேறொரு நிறுவனம் பழைய ஜர்னலை அதன் சொந்தப் பெயரிலேயே மறுபடி தொடங்கியது. அந்தப் பெயரில் கடைசியாக வந்தது 24 என்பதால், புதிய இதழ்களுக்கு 25, 26 என்று எண் போட்டார்கள். ஒரே மரபில் வந்த 25ஆம் இதழ் இப்போது இரண்டு. இரண்டுக்கும் இடையே பத்தாண்டு இடைவெளி. அளவு வேறு, அச்சிட்டவர்கள் வேறு. சேகரிப்பாளர் ஒருவரின் பட்டியலில் வெறுமனே ‘25’ என்று மட்டும் இருந்தால் அது எந்த 25 என்று அவருக்கே கொஞ்ச காலத்தில் மறந்துபோகும்.

இந்த மாதிரி முடிச்சுகளை அவிழ்ப்பதில் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருக்கிறார்கள். அறிவியல் புனைவை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டுகளுக்காக 1970களிலும் 80களிலும் வந்த பத்திரிகைகளைத் தேடிப் பிடித்து, வரிசைப்படுத்தி, ஒவ்வோர் இதழிலும் எந்தப் பக்கத்தில் யார் என்ன எழுதினார் என்று பதிந்து வைப்பது அவர்களுடைய வேலை. பொழுதுபோக்கு என்றுதான் பெயர். செய்கிற விதத்தில் நூலகரின் கண்டிப்பு இருக்கிறது.

விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் நடுவர், கதைக் களமும் அதில் நடமாடும் மற்ற மனிதர்களும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் பேரம் பேசிப் பார்க்கிறேன்’ என்று வாயால் சொல்லியே ஆடுவார்கள். முடிவு தெரியாத இடத்தில் பகடை உருளும். 1974இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகைக்கு வழி திறந்தது. அதில் வாளும் மந்திரமும் டிராகன்களும். மூன்றே ஆண்டில் விண்வெளிக்கும் ஓர் ஆட்டம் வந்தது. இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில் இருந்த கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1977இல் வெளியிட்ட ‘டிராவலர்’. மார்க் மில்லர் முதன்மையாக இருந்து உருவாக்கியது. ஒரு பெட்டி, அதற்குள் கறுப்பு அட்டை போட்ட மூன்று சிறு புத்தகங்கள், அவ்வளவுதான். இந்த ஆட்டத்தில் பாத்திரத்தை உருவாக்குவதே ஒரு சூதாட்டம். கடற்படையிலோ வணிகக் கப்பலிலோ அந்தப் பாத்திரம் கழித்த ஆண்டுகளைப் பகடை உருட்டித் தீர்மானிக்க வேண்டும். பகடை சரியாக விழாவிட்டால், விளையாட்டு தொடங்கும் முன்பே பாத்திரம் செத்துப்போகும். வேறொன்றை முதலிலிருந்து உருவாக்க வேண்டியதுதான்.

அந்த மூன்று புத்தகங்களில் விதிகள் இருந்தன, பிரபஞ்சம் இல்லை. எந்தக் கிரகத்துக்கு என்ன பெயர், யார் ஆள்கிறார்கள், யாருக்கும் யாருக்கும் பகை என்பதெல்லாம் பிறகு வந்தது. வந்த வழிகளில் முக்கியமானது பத்திரிகை. இதழ்களைச் சேர்ப்பவர்கள் இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணமும் அதுதான். ஒரு கற்பனை உலகம் தவணை முறையில் கட்டப்பட்டதற்கு அந்த இதழ்களே சாட்சி. நாவலாசிரியர் தம் உலகத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்துக் கொடுக்கிறார். இங்கே நிறுவனத்தார், சம்பளமில்லாத ஆர்வலர்கள், வாசகர்கள் எனப் பலர் ஆளுக்கொரு செங்கல்லாக வைத்தார்கள். எந்தக் கல் எப்போது வைக்கப்பட்டது என்று இதழின் தேதி சொல்லும்.

இந்த ஆட்டத்துக்காக அந்த நிறுவனம் நடத்திய ஜர்னலை முதலில் கவனித்துக்கொண்டவர் லோரன் வைஸ்மன். அரைத் தாள் அளவில், கையடக்கமாக வந்தது. அதன் பெயரிலேயே ஒரு நயம் உண்டு. டிராவலர்ஸ் எய்ட் சொசைட்டி என்பது அந்த விளையாட்டின் கற்பனை உலகத்தில் உள்ள பயணிகள் சங்கம்; விண்துறைமுகங்களில் விடுதி நடத்தும், ஆபத்தான கிரகங்களுக்கு மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுக்கும். அந்தச் சங்கமே உறுப்பினர்களுக்கு அனுப்பும் பத்திரிகை போன்ற பாவனையில் இந்த ஜர்னல் வெளிவந்தது. மஞ்சள் எச்சரிக்கையை ஒட்டி ‘ஆம்பர் ஜோன்’ என்றொரு பகுதி இருக்கும். ஒரு மாலைப் பொழுது விளையாடுவதற்கான கதைக் கரு அதில் கிடைக்கும். முதல் இதழிலேயே ‘அனிக் நோவா’ என்ற சாகசம் வந்தது. ஆளில்லாமல் மிதந்து வரும் புதிரான விண்கலத்துக்குள் ஆட்டக்காரர்கள் ஏறிப் பார்ப்பதுதான் விஷயம். பின்னாளில் அது தனிப் புத்தகத்திலும் இடம்பெற்றது.

ஆனால் ஜர்னலில் மனசைக் கவர்வது ‘டிராவலர் நியூஸ் சர்வீஸ்’ என்ற செய்திப் பகுதி. நாளிதழின் தந்திச் செய்தி போலச் சின்னச் சின்னத் துணுக்குகள். டிராவலரின் உலகத்தில் ஒளியை விட வேகமாகச் செல்லும் வானொலி கிடையாது. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கப்பல் தாவுவதற்குச் சுமார் ஒரு வாரம் ஆகும். சேதியும் அந்தக் கப்பலில்தான் ஏறிப் போக வேண்டும். பழைய காலத்துத் தபால் ஓட்டக்காரர் முறைதான். தலைநகரில் நடந்தது எல்லைப்புறத்துக்கு வந்துசேர மாதக்கணக்காகும். இந்த ஒரே விதியால் அந்தச் செய்தித் துணுக்குகளுக்கு உயிர் வந்துவிட்டது. எல்லையில் பதற்றம் என்று ஓர் இதழில் இரண்டு வரி. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். பிறகு ஒரு நாள் ஐந்தாம் எல்லைப் போர் மூண்டுவிட்டது என்று செய்தி. அந்தப் போரைப் பலகை விளையாட்டாகவே 1981இல் நிறுவனம் வெளியிட்டது. சந்தா கட்டியிருந்த ஆட்டக்காரர்கள், தங்கள் பாத்திரங்கள் நாளிதழில் படிப்பது போலவே போர் நெருங்குவதைப் படித்தார்கள். மொத்தமாக ஒரு புத்தகத்தில் எழுதித் தந்திருந்தால் இந்தத் திகில் வந்திருக்காது.

அட்டவணை போடுபவருக்கு இங்கே ஒரு வேலை கூடுகிறது. ஒவ்வொரு துணுக்குக்கும் கற்பனை உலகத்தின் தேதி ஒன்று உண்டு. ஆண்டின் எத்தனையாவது நாள், பேரரசின் எத்தனையாவது ஆண்டு என்ற இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். பேரரசர் ஸ்ட்ரெஃபான் சுட்டுக் கொல்லப்பட்ட நாள் 132-1116 என்றால், 1116ஆம் ஆண்டின் 132ஆம் நாள். அந்தச் செய்தி நம் உலகத்தில் அச்சானது 1980களின் பிற்பாதியில். அதனால் நல்ல அட்டவணையில் இரண்டு தேதிக் கட்டங்கள் இருக்கும். ஒன்றின்படி அடுக்கினால் பத்திரிகையின் வரலாறு கிடைக்கும்; மற்றதன்படி அடுக்கினால் இல்லாத ஒரு பேரரசின் வரலாறு.

டிராவலரோடு இந்தத் துறை முடிந்துவிடுவதில்லை. லண்டனில் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1977 ஜூனில் தொடங்கிய ‘ஒயிட் ட்வார்ஃப்’ இதழில் ‘ஸ்டார்பேஸ்’ என்று டிராவலருக்காகவே ஒரு பகுதி ஓடியது. மார்க் ஹாரிசன் வரைந்த சித்திரக்கதையும் வந்தது. 1980களின் கடைசியில் அந்தப் பத்திரிகை தன் சொந்த விளையாட்டுகளுக்கே இடம் என்று ஒதுங்கிவிட்டதால், விண்வெளி ஆர்வலர்கள் தேடுவது பெரும்பாலும் முதல் நூறு இதழ்களைத்தான். டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் மெட்டாகேமிங் நிறுவனம் 1975இல் தொடங்கிய ‘ஸ்பேஸ் கேமர்’ 1980இல் கைமாறி ஸ்டீவ் ஜாக்சனிடம் போனது. நியூயார்க்கில் எஸ்.பி.ஐ. நிறுவனம் 1980இல் ‘ஏரிஸ்’ பத்திரிகையைக் கொண்டுவந்தது.

ஏரிஸ் தனி ரகம். ஒவ்வோர் இதழுக்குள்ளும் ஒரு முழு விளையாட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள்: வரைபடம், விதிகள், சிறு சிறு சதுரச் சில்லுகள் வெட்டுக்கோடு போட்ட ஓர் அட்டை. இரண்டாம் இதழில் வந்தது பண்டோரா என்ற விண்கலம் பழுதாகி, உள்ளே இருந்த விலங்குகள் தப்பி ஓடிய கதை. விளையாட வேண்டுமென்றால் அந்தச் சில்லுகளை அட்டையிலிருந்து விரலால் அமுக்கிப் பிரிக்க வேண்டும். பிரித்தது முதல் தொலையத் தொடங்கும். நாற்பது ஆண்டு கழித்து ஒரு பிரதி விற்பனைக்கு வந்தால், சேகரிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி ‘சில்லு பிரித்ததா, பிரிக்காததா’ என்பதுதான். பிரிக்காததற்கு விலை அதிகம். பிரித்ததை வாங்கினால் மேசை மேல் கொட்டி, விதிப் புத்தகத்தில் உள்ள பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். சுண்டுவிரல் நகமளவு அட்டைத் துண்டு ஒன்று குறைந்தாலும் அட்டவணையில் குறிப்பு எழுத வேண்டும். ஒரு விதத்தில் பார்த்தால், ஒரு சில்லுகூடப் பிரிக்காமல் கிடைக்கும் பிரதி யாரும் ஆடாமல் போன பிரதி. விலை எப்படி இருந்தாலும், மூலை தேய்ந்து, பென்சில் குறிப்புகளோடு கிடைக்கும் பிரதியில்தான் அந்தக் காலத்துப் பிள்ளைகளின் கைச்சூடு இருக்கிறது.

எஸ்.பி.ஐ. நிறுவனம் 1982இல் கடனில் மூழ்கி, டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் கைக்குப் போனது. ஏரிஸும் கூடவே போய் 1984இல் நின்றது. ஆனால் பெயர் மறையவில்லை. டி.எஸ்.ஆரின் ‘டிராகன்’ பத்திரிகை 84ஆம் இதழிலிருந்து ஏரிஸ் என்ற பெயரிலேயே உள்ளே ஒரு பகுதியை ஒதுக்கி, 1986 வரை நடத்தியது. மந்திரவாதிகளும் டிராகன்களும் அட்டைப்படத்தில் இருக்க, உள்பக்கங்களில் விண்கலம் பறந்துகொண்டிருந்தது. அட்டையைப் பார்த்து மட்டும் வாங்குபவர்களுக்கு இது தெரியவராது. உள்ளடக்கத்தைக் கட்டுரை கட்டுரையாகப் பதிந்த அட்டவணை இருந்தால்தான் கண்ணில் படும்.

அட்டவணைக்காரரைத் தடுக்கி விழச்செய்யும் இன்னொரு கல், பெயர்க் குழப்பம். ஸ்பேஸ் கேமரை வாங்கிய ஸ்டீவ் ஜாக்சன் அமெரிக்கர், 1953இல் பிறந்தவர். கேம்ஸ் வொர்க்‌ஷாப்பைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஸ்டீவ் ஜாக்சன் ஆங்கிலேயர், 1951இல் பிறந்தவர். ஒரே பெயர், ஒரே தொழில், ஒரே காலம். இது போதாதென்று, ஆங்கிலேயரும் இயன் லிவிங்ஸ்டனும் சேர்ந்து தொடங்கிய ‘ஃபைட்டிங் ஃபேன்டஸி’ புத்தக வரிசையில் அமெரிக்கரும் மூன்று புத்தகங்கள் எழுதினார். அவற்றில் 1986இல் வந்த ‘ரோபாட் கமாண்டோ’ அறிவியல் புனைவு வகை. அட்டையில் ஸ்டீவ் ஜாக்சன் பெயர் இருக்கிறது, எழுதியவரும் ஸ்டீவ் ஜாக்சன், ஆனால் இருவரும் ஒருவரல்ல. நூலகங்களில் இதற்கென்றே பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்துப் பதியும் வழக்கம் உண்டு. வீட்டு அலமாரிக்குப் பட்டியல் போடுபவரும் அதைக் கைக்கொண்டால் பிற்பாடு தலைவலி இல்லை.

பெயர் மாறிய பத்திரிகைகளை எப்படி வைப்பது என்பதில் நூலகருக்கும் சேகரிப்பாளருக்கும் ஒத்துவராது. தலைப்பு மாறினால் புதுப் பதிவு, புது எட்டிலக்க ஐ.எஸ்.எஸ்.என். எண் என்பது நூலக முறை. ஜர்னல் ஒரு பதிவு, சேலஞ்ச் வேறு பதிவு. முன்னது இது, பின்னது அது என்று ஒரு குறிப்பு மட்டும் இணைத்து வைக்கும். சேகரிப்பாளரோ ஒன்று முதல் எழுபத்தேழு வரை ஒரே வரிசையாக அடுக்கத்தான் விரும்புவார், அலமாரியில் முதல் இருபத்துநான்கு குட்டையாகவும் மற்றவை நெட்டையாகவும் நின்றாலும். நூலக முறையே பாதுகாப்பானது. எண் வரிசையை மட்டும் நம்பினால் இரண்டு 25கள் ஒன்றோடொன்று மோதும்.

இப்போது பெரும்பாலானவை ஸ்கேன் ஆகிவிட்டனவே, கணினியே தேடித் தந்துவிடாதா என்று தோன்றலாம். டிராவலரைப் பொறுத்தவரை அதில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த விளையாட்டில் ஒரு கிரகத்தின் ஜாதகத்தையே எட்டு எழுத்தில் எழுதிவிடுவார்கள். ஏ788899-ஏ என்று ஒரு வரி கிடைத்தால், முதல் எழுத்து விண்துறைமுகத்தின் தரம். 7 என்பது கிரகத்தின் குறுக்களவு, ஆயிரம் மைல் கணக்கில். அடுத்த 8 காற்று மண்டலம். அதற்கடுத்த 8 நீர்ப்பரப்பு, பத்தில் எட்டுப் பங்கு. பிறகு மக்கள்தொகை, அரசாங்கம், சட்டக் கெடுபிடி, கடைசியில் தொழில்நுட்பம். பத்தும் அதற்கு மேலும் வந்தால் ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகளில் எழுதுவார்கள். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால் ஐ, ஓ இரண்டையும் முன்யோசனையோடு விட்டுவிட்டார்கள்.

ஆனால் எட்டு என்ற எண்ணையும் பி என்ற ஆங்கில எழுத்தையும் அவர்களால் பிரித்து வைக்க முடியவில்லை. மங்கிய மையில், சிறிய எழுத்தில் அச்சான பக்கத்தை ஸ்கேன் செய்து கணினி எழுத்தாக்கும்போது இரண்டும் ஒன்றாகத் தெரியும். காற்று மண்டலத்துக்கு 8 என்றால் அடர்த்தியான, சுவாசிக்கத் தக்க காற்று. பி என்றால் அரித்துத் தின்னும் வாயு. அதில் கவச உடை இல்லாமல் இறங்கினால் ஆபத்து. எழுத்துப் பிழை திருத்தும் மென்பொருள் இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே முறையான குறியீடுகள். அசல் தாளை வெளிச்சத்தில் பிடித்து, உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிற ஒருவர் வேண்டும். ஸ்கேன் இருந்தாலும் தாளைத் தூக்கிப் போடக் கூடாது என்பதற்கு இதை விடத் தெளிவான காரணம் இல்லை.

சட்டச் சிக்கல் வேறு. ஜர்னலையும் சேலஞ்சையும் மார்க் மில்லரின் ஃபார் ஃபியூச்சர் என்டர்பிரைசஸ் நிறுவனம் குறுந்தகட்டில் வெளியிட்டது. உரிமை அவரிடம் இருந்ததால் முடிந்தது. டைஜஸ்ட் குரூப் பப்ளிகேஷன்ஸ் 1985இல் தொடங்கி நடத்திய ‘டிராவலர்ஸ் டைஜஸ்ட்’ இதழ்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. உரிமை வேறு கைக்குப் போய்விட்டதால் நெடுங்காலம் மறுபதிப்பு வரவில்லை. ஆகவே பழைய பிரதிகளுக்கு நல்ல கிராக்கி இருந்தது. டிராகன் பத்திரிகையின் முதல் 250 இதழ்கள் 1999இல் குறுந்தகடாக வந்தபோது, ‘ஒரு முறை அச்சிடத்தானே எழுதிக் கொடுத்தோம்’ என்று வெளியிலிருந்து எழுதியவர்கள் சிலர் கேட்டார்கள். நாளிதழ்க் கட்டுரைகளை மின்தரவுத் தளங்களில் போடுவது பற்றிய டாசினி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் எழுத்தாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஐந்து டாலரோ பத்து டாலரோ வாங்கிக்கொண்டு எழுதிய ஒரு கல்லூரி மாணவருக்கும் தன் எழுத்தின் மேல் உரிமை உண்டு என்பது நியாயமான பேச்சு. அதற்காக அந்தப் பக்கங்கள் யாருக்கும் கிடைக்காமல் போய்விடுவதும் வருத்தமே. யார் எழுதியது என்று ஒழுங்காகப் பதிந்த அட்டவணை இருந்தால்தான் அனுமதி கேட்கவாவது ஆள் தெரியும்.

பெரிய நிறுவனங்கள் சில இதில் கைகொடுக்கின்றன. நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம், விளையாட்டு சார்ந்த நூல்களுக்கும் இதழ்களுக்கும் தனி நூலகமே வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தின் ஈட்டன் தொகுப்பு அறிவியல் புனைவுக்குப் பேர் போனது. ‘ஆர்பிஜி கீக்’ தரவுத் தளத்தில் ஆர்வலர்கள் இதழை மட்டுமல்லாமல் அதிலுள்ள கட்டுரையையும் தனித்தனியே பதிகிறார்கள். இருந்தாலும் இரண்டு மூன்று இதழோடு நின்றுபோன சிறு பத்திரிகைகள் பெரும்பாலும் தனியார் வீட்டு அலமாரிகளில்தான் இருக்கின்றன.

அங்கே அவற்றுக்குப் பெரிய எதிரி, நடுவில் அடித்திருக்கும் ஸ்டேப்ளர் பின். ஈரக் காற்றில் பின் துருப்பிடித்து, துரு தாளில் இறங்கி, அந்த இடம் பொடிப்பொடியாக உதிரும். கைதேர்ந்தவர்கள் பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, பழைய துளைகள் வழியாகவே நூல் கோத்துக் கட்டுவார்கள். மலிவான பி.வி.சி. உறை நாளாவட்டத்தில் பிசுபிசுத்து மையைப் பிடித்துக்கொள்ளும்; பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் உறையும், பின்னால் அமிலமில்லாத அட்டையும் போடுவதே சரி. கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டவே கூடாது.

இன்னொரு சேதம் கத்தரிக்கோலால் நேர்ந்தது. கல்கியில் 1950 முதல் வந்த பொன்னியின் செல்வன் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துத் தைத்து வைத்த தமிழ்நாட்டு வீடுகள் ஏராளம். கதை பிழைத்தது, விளம்பரமும் துணுக்கும் எடைக்குப் போயின. இங்கே நடந்தது அதன் மறுபக்கம். சந்தாப் படிவத்தையும், தபாலில் விளையாட்டு வரவழைக்கும் விளம்பரக் கூப்பனையும் அன்றைய சிறுவர்கள் கட்டம் பிசகாமல் கத்தரித்து அனுப்பிவிட்டார்கள். பத்திரிகை அதனால்தான் ஓடியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கூப்பனுக்குப் பின்பக்கத்தில் ஏதாவது ஒரு கட்டுரையின் வால் இருக்கும். கப்பலின் எரிபொருள் கணக்கு பாதியில் நிற்கும். கிரகத்தின் பெயர் இருக்கும், குறியீடு இருக்காது. அட்டவணைக்காரர் அந்த இதழின் பதிவில் ‘பக்கம் 31, கீழ் வலது மூலை இல்லை, சுமார் ஆறு வரி’ என்பது போல எழுதி வைப்பார். அட்லாண்டிக்கின் அந்தக் கரையில் அதே இதழை வைத்திருக்கும் வேறொருவர் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, தம் பிரதியில் அந்த மூலையைப் புரட்டிப் பார்ப்பார். அவருடைய பிரதியில் கூப்பன் அப்படியே இருக்கிறது, யாரும் நிரப்பாமல். அந்த ஆறு வரியையும் தட்டெழுதி அனுப்புகிறார், எட்டா பியா என்று இரண்டு முறை சரிபார்த்து.